முதலாளிக்கு இன்னோர் ஆள்

மாவு புளிக்கிற வாசனை குமட்டியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரொட்டி ஆலையில் வருஷக்கணக்காக இரவெல்லாம் அந்த வாசனையைத்தான் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தாள். சட்டையிலும் தலைமுடியிலும் அது ஏறி உட்கார்ந்து, இருப்பதே தெரியாமல் போயிருந்தது. அன்று மாவுத் தொட்டியின் மூடியைத் திறந்ததும் வயிறு தொண்டைக்கு வந்தது. ஓடிப்போய் வாந்தியெடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு திரும்பி வந்து வரிசையில் நின்றாள். ரொட்டி அறுக்கிற இயந்திரம் யாருக்காகவும் நிற்பதில்லை.

நாள் தள்ளிப்போயிருந்தது. அலுப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அவள் வீட்டில் எல்லாப் பழியும் அலுப்பின் தலையில்தான் விழும்.

காலையில் வீடு வந்தபோது கணவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவன் பஸ் டிரைவர், பகல் ஷிஃப்ட். அவள் வரும்போது அவன் போவான், அவன் வரும்போது அவள் போவாள். டிரைவர் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் வாசற்படியில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று தெருவில் ஒரு கேலி உண்டு. பொய்யில்லை.

அப்படி மாறி மாறி இருக்கவைத்தவன் கட்டிலில் கிடந்தான். பதினோரு வயசு. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கை, கால், கழுத்து எதுவும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போன பிள்ளை. பேச்சு கிடையாது. பார்வை உண்டு, சிரிப்பு உண்டு. யாராவது தும்மினால் போதும், கட்டில் அதிரச் சிரிப்பான். அப்பன் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் முதலாளி. "நாம ரெண்டு பேரும் வேலை பாக்கறது யார்கிட்ட? இவன்கிட்டத்தானே" என்பான்.

முதலாளிக்குத் தானாகப் புரளத் தெரியாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் இடுப்பெலும்பு துருத்துகிற இடத்தில் தோல் கன்றிப் புண்ணாகிவிடும். அதனால் இரண்டு மூன்று மணிக்கொரு தரம் தூக்கிப் புரட்ட வேண்டும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் உடம்பு துடைத்து ஊட்டிவிடுவதற்காக அவனை மல்லாத்திப் போட்டிருப்பார்கள். அதற்கு முன் எந்தப் பக்கம் படுத்திருந்தான் என்பது பார்த்தால் தெரியாது. அதற்குத்தான் பச்சைத் துண்டு. கட்டிலின் எந்தப் பக்கக் கம்பியில் துண்டு தொங்குகிறதோ அந்தப் பக்கம் படுத்தாயிற்று, அடுத்தது மறுபக்கம். இது டிரைவரின் யோசனை. டெப்போவில் கழுவி முடித்த பஸ்ஸுக்கு அடையாளமாகக் முன்கண்ணாடி துடைக்கிற வைப்பரைத் தூக்கி நிறுத்திவைப்பார்களாம். அதைப் பார்த்து வந்தது.

"எந்தப் பக்கம்?" என்றாள், பையை மாட்டியபடி.

"வலது ஆச்சு. துண்டைப் பாத்தாத் தெரியலையா?"

"தெரியுது. கேட்டு வச்சுக்கறேன்." பிறகு அதே குரலில் சொன்னாள்: "நாள் தள்ளிப் போயிருக்குங்க."

ஒரு ஷூ கட்டியும் ஒரு ஷூ கட்டாமலும் அவன் நிமிர்ந்தான். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பாள். பயந்திருந்தால் இன்னும் நல்லது. அவனோ சிரித்துவிட்டான். பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. அதைப் பார்த்துப் பல காலமாகியிருந்தது.

"டேய் முதலாளி, உனக்கு இன்னோர் ஆள் வருதுடா!"

"என்ன ஆளு?"

"நமக்கு அப்புறம் இவனைப் பாத்துக்க ஒருத்தர் வேணாமா? எத்தனை தடவை உங்கிட்ட கேக்கணும்னு நினைச்சிருக்கேன் தெரியுமா? கேட்டா நீ கடிச்சுக் குதறிடுவேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்போ தானா வந்துருச்சு பாரு."

"எனக்கு வேணாம். கலைச்சுடலாம்னு இருக்கேன்."

சிரிப்பு உடனே போகவில்லை. பிரேக் அழுத்தியும் கொஞ்ச தூரம் ஓடி நிற்கிற பஸ் மாதிரி மெதுவாகத்தான் நின்றது. இன்னொரு ஷூவுக்கும் கயிறு கட்டினான். "சாயங்காலம் பேசிக்கலாம்" என்று எழுந்து போனான். அந்த வீட்டில் சாயங்காலம் என்பது அவன் உள்ளே வந்து அவள் வெளியே போகிற அளவுக்கான நேரம். அதற்குள் என்ன பேசிவிட முடியும்?

பேச அவன் ஆள் அனுப்பினான். அவனுடைய அக்கா, தையல்காரி. இரண்டு தெரு தள்ளிச் சின்னக் கடை. கழுத்தில் அளவு டேப் பாம்பு மாதிரி எப்போதும் தொங்கும். மத்தியானம் வந்தாள். வந்ததும் முதலாளியின் முகத்துக்கு நேரே பொய்யாக ஒரு தும்மல் போட்டாள். அவன் கெக்கெக்கே என்று சிரித்தான்.

"என்னை எதுக்கு அனுப்பியிருக்கான்னு உனக்கே தெரியும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சொல்லச் சொன்னதைச் சொல்லிடறேன். குழந்தைங்கறது வரம். நல்லா பொறக்கும். வளக்கறதுக்கு நான் இருக்கேன். சொல்லிட்டேன். தண்ணி குடு."

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க வளப்பீங்களா அண்ணி?"

"நானா? ஊசியில நூல் கோக்கவே எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிடறேன். அவன் சொல்லச் சொன்னான்." ஒரே மடக்கில் குடித்துவிட்டு டேப்பின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நீ ஏன் வேணாங்கறே? இது மாதிரியே பொறந்துடும்னு பயமா?"

"அது இல்ல. இவனுக்கு ஆனது பரம்பரை இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

"அப்புறம்?"

வேண்டாம் என்பதற்கு உன்னதமான காரணம் எதுவும் அவளிடம் இல்லை. இடுப்பு வலிக்கிறது. தூக்கம் போதவில்லை. குளிக்கிற நேரம் தவிர இந்த உடம்பு அவளுடையதாக இருந்ததில்லை. ஆலைக்குக் கொஞ்சம், கட்டிலுக்கு மீதி. இருப்பதே பத்தாத உடம்பில் இன்னொருவருக்கு எங்கே இடம்?

"முடியல அண்ணி. அவ்வளவுதான். இன்னொண்ணும் இருக்கு. அவர் குழந்தை வேணும்னு கேக்கல, ஆள் வேணும்னு கேக்கறார். பொறக்கறதுக்கு முன்னாடியே வேலைக்கு வச்சாச்சு. இது நடக்கப் பழகினதும் கையில துண்டைக் குடுத்துடுவோம். அதுக்கு வேற ஆசை இருந்தா?"

தையல்காரி டேப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"உன் புருஷனைத் தூக்கி வளத்தது யாருன்னு நினைக்கறே? எங்க அம்மா வேலைக்குப் போயிட்டா. எனக்கே பல் விழுந்து முளைக்கற வயசு. இடுப்புல இவன். பாண்டி ஆடினாலும் இவன், பள்ளிக்கூடத்து ஜன்னல்ல எட்டிப் பாத்தாலும் இவன். இன்னிக்கும் எனக்கு இடது இடுப்பு ஒரு விரல் தூக்கித்தான் இருக்கு. பாவாடை தைக்கும்போது எனக்கு மட்டும் ஒரு பக்கம் இறக்கி வெட்டணும்."

"அவர் அதைச் சொன்னதே இல்லையே."

"அவனுக்கு எங்க தெரியும்? இடுப்புல உக்காந்திருந்தவனுக்கு இடுப்பு வலி தெரியுமா?"

"உங்களைக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்களா?"

"அதுதான் தெரியல" என்றாள் தையல்காரி. "அவன் மேல எனக்கு உசிரு. ஆனா யாரும் கேக்கல." எழுந்துகொண்டாள். "நான் உன்னைத் திட்டினேன், நீ அழுதேன்னு சொல்லிடறேன். நான் வந்ததுக்கு ஒரு மரியாதையாவது இருக்கட்டும்."

மறுநாள் பையனைப் புரட்டிப் போட்டு, தையல்காரியைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மாவுக்கும் அவள் வயசுதான் இருக்கும். அவளுக்கும் கண்ணுக்குக் கீழே கறுப்பு. சோதித்துப் பார்த்துவிட்டு, ஆரம்பக் கட்டம்தான், மாத்திரையிலேயே முடிந்துவிடும் என்றாள். முதல் மாத்திரை அங்கேயே விழுங்க வேண்டும். அடுத்தது ஒரு நாள் விட்டு வீட்டில். அப்போது வலியும் ரத்தப்போக்கும் இருக்கும்.

"வீட்டுக்காரர் வந்து சம்மதம் சொல்லணுமா?"

"உங்க உடம்புதானே? உங்க சம்மதம் போதும். நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிக்கத்தான் நேரம் கிடைச்சுது. தூங்கறதுக்குத்தான் கிடைக்கல."

டாக்டரம்மா லேசாகச் சிரித்தாள். உங்க உடம்பு என்ற வார்த்தை காதுக்கு இதமாகத்தான் இருந்தது. அது நிலைத்தது அடுத்த பேச்சு வரைக்கும்தான். "ரெண்டு நாளைக்குக் கனமா எதையும் தூக்காதீங்க. கூட ஒரு ஆள் இருக்கட்டும். ரத்தம் அதிகமாப் போச்சுன்னா உடனே கூட்டிட்டு வரணும்."

அந்த வீட்டில் கனமான பொருள் ஒன்றே ஒன்றுதான். அதை இரண்டு நாள் தூக்காமல் இருக்க முடியாது. தையல்காரியின் இடுப்பு லட்சணம் தெரிந்ததுதான். அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யார் தொட்டாலும் முதலாளி உடம்பை வில்லாக முறுக்கிக்கொள்வான். ஆக, வேண்டாம் என்று சொல்ல அவள் ஒருத்தி போதும். அதைச் செய்து முடிக்க இன்னொருவரின் இரண்டு கை வேண்டும். அந்தக் கை இருந்தது குழந்தை வேண்டும் என்றவனிடம்.

மாத்திரைக்கு அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் அவன் சட்டையைக் கழற்றும்போதே கேட்டாள். "அடுத்த வாரம் ரெண்டு நாள் லீவு போடுங்க."

அவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, மடிப்பை நீவிக்கொண்டே நின்றான். "லீவு போட்டா நானும் சேந்து செஞ்ச மாதிரி ஆயிடும். அந்தப் பாவத்துக்கு என் கையைக் கேக்காதே."

"அதுக்கு உங்க கையை நான் கேக்கல. இவனைத் தூக்கறதுக்குத்தான் கேக்கறேன்."

"எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லைங்க."

"அது உசிரு இல்லையா? சொல்லு, இல்லையா?"

"உசிருதான். இல்லைன்னு நான் எப்போ சொன்னேன்?" அவள் குரல் ஏறவில்லை. ஏற்றுவதற்கு வலு இல்லை. "உசிருன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? தினமும் ஒரு உசிரைப் புரட்டிப் போட்டுட்டுத்தான் கண்ணை மூடறேன்."

"நாளைக்கு நீயும் நானும் மண்ணுக்குப் போயிட்டா இவனை யாரு புரட்டுவா? அதுக்கு ஒரு பதில் சொல்லு, நான் பேசாம லீவு போடறேன்."

எத்தனையோ விடியலில் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்து அவள் தேடிய பதில்தான் அது. கிடைத்ததில்லை. கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ள முடியுமா? டிரைவருக்கு எதற்கும் ஒரு ஸ்பேர் வேண்டும். ஸ்பேர் டயர், ஸ்பேர் பல்பு, வண்டி நடுவழியில் நின்றால் ஸ்பேர் பஸ். அவன் உலகம் அப்படி. அவனைக் குற்றம் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. பயந்தவன், அவ்வளவுதான். அவளும் பயந்தவள்தான்.

பதில் வராததால் அவன் பேச்சை நிறுத்தினான். அவளும் நிறுத்தினாள். வாசற்படிக் குடித்தனத்தில் பேசாமல் இருப்பது சுலபம். ஒருவர் ஒதுங்கினால் மற்றவர் போய்விடலாம். நாலைந்து நாள் அப்படியே ஓடியது. எந்தப் பக்கம் என்ற கேள்வியும் நின்றுபோனது. துண்டுதான் இருக்கிறதே.

அந்தத் துண்டுதான் கவிழ்த்துவிட்டது. குமட்டலில் அவள் சரியாகத் துவைக்காமல் விட்டதால் துடைக்கிற துணியெல்லாம் அழுக்குக் கூடையில் கிடந்தது. அன்று காலை டிரைவர் அவசரத்துக்குப் பச்சைத் துண்டாலேயே பையனைத் துடைத்தான். ஈரமாக இருந்ததை ஜன்னல் பக்கமாக, இடது கம்பியில் காயப் போட்டுவிட்டுப் போனான். பையன் விடியற்காலையிலிருந்து படுத்திருந்தது வலது பக்கம். வாசலில் அவனுக்கு ஒதுங்கி வழிவிட்டு உள்ளே வந்தவள் துண்டைப் பார்த்தாள். இடது ஆயிற்று, இனி வலது என்று மறுபடியும் வலது பக்கமே திருப்பிப் போட்டாள். துண்டு ஈரமாக இருந்ததைத் தொட்டும் பார்த்தாள். ஏன் என்று கேட்க அவன் இல்லை, இருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். பக்கத்தில் பாய் விரித்துச் சாய்ந்தவள்தான், புரட்டுவதற்காக வைத்த அலாரம் அடித்து அடித்து ஓய்ந்ததுகூடத் தெரியாமல் கிடந்தாள். வயிற்றில் இருப்பது தூக்கத்தைக் கேட்டது. உடம்பு கொடுத்துவிட்டது.

டிரைவர் வந்து கதவைத் தட்டிய சத்தத்தில்தான் எழுந்தாள். பையனைப் புரட்டினார்கள். வலது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, நடுவில் தோல் உரிந்து ஈரம் கசிந்தது. முதலாளி அழவில்லை. அழுது களைத்து எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும். தலையணை நனைந்திருந்தது.

பேச்சு தானாக வந்தது.

"காலையில எந்தப் பக்கம் இருந்தான்?"

"வலது."

"துண்டு இடது பக்கம் இருந்துச்சே!"

"காயப் போட்டேன். படி இறங்கும்போது ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்து சொல்லியிருக்கலாம். உங்கிட்ட பேசணுமேன்னு போயிட்டேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் அலாரத்தை விட்டுட்டேன்."

இரண்டு பேருமாக வெந்நீர் வைத்தார்கள், துடைத்தார்கள், மருந்து போட்டார்கள். அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஒருவர் கை நீளும் முன் மற்றவர் பஞ்சை எடுத்துக் கொடுத்துவிடுவார். முடித்துவிட்டுக் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்றான் டிரைவர். "நம்ம ரெண்டு பேரால ஆகல. மூணாவது ஆள் வேணும்."

"இதுக்குத்தான் நானும் சொன்னேன். நம்ம ரெண்டு பேரால ஆகல. மூணாவது உசிரு வேணாம்."

புண் ஒன்றுதான். அன்று அவள் ஆலைக்குப் போகவில்லை. ஆலையிலிருந்து போன் வந்து வந்து நின்றது.

சொன்னபடி அடுத்த வாரம் முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தாள். ஆலையில் வாரவிடுப்போடு சேர்த்து லீவு சொல்லியிருந்தாள். இரண்டாவது மாத்திரைக்கான காலையில் டிரைவர் வழக்கம்போல் எழுந்து, குளித்து, யூனிஃபார்ம் போட்டு, ஷூவுக்குக் கயிறு கட்டினான். சமையலறையில் நின்று அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். சரி, நாமே புரட்டிக்கொள்வோம், தூக்காமல் விரிப்பைப் பிடித்து இழுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்துகொண்டாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

அவன் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முழு யூனிஃபார்ம், சட்டைப்பையில் பேட்ஜ், காலில் ஷூ.

"பஸ்ஸுக்கு நேரமாகலையா?"

"ஆச்சு."

"லீவு போட்டீங்களா?"

"போடல." தரையைப் பார்த்தபடி சொன்னான். "லீவு போட மாட்டேன்னுதான் சொன்னேன். போகல, அவ்வளவுதான்."

"சொல்லாம நின்னா மெமோ குடுப்பாங்களே."

"குடுக்கட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றில் பிடித்ததும் அடங்கிவிட்டது. பாயில் சுருண்டு படுத்தாள். வலி அலை அலையாக வந்தது. முதலாளியைப் பெற்ற வலியோடு சேர்த்துப் பார்த்தால் இது ஒன்றுமில்லை, ஆனால் அதற்கு ஒரு முடிவாக அழுகைச் சத்தம் கேட்கும் என்ற எதிர்பார்ப்பாவது இருந்தது. குளியலறைக்கும் பாய்க்குமாக நடந்தாள். ஒருமுறை குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். வருத்தமா நிம்மதியா என்று பிரித்துப் பார்க்கவில்லை. அழுது முடித்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்தாள்.

டிரைவர் அவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான், ஸ்டாப்பில் ஆள் ஏறக் காத்திருக்கிறவன் மாதிரி. நேரமானதும் எழுந்து போய்ப் பையனைப் புரட்டினான், புண்ணைப் பார்த்தான், மருந்து வைத்தான், மறுபடி வந்து உட்கார்ந்தான். மத்தியானம் அவளுக்குக் கஞ்சி வைத்துப் பாய்க்குப் பக்கத்தில் நகர்த்தினான். உப்பு இல்லை. அவள் சொல்லவில்லை. ஷூவை மட்டும் அவன் கழற்றவேயில்லை. அந்த ஷூதான் அவனுடைய எதிர்ப்பு என்பது அவளுக்குப் புரிந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாலையில் வலி தணிந்தது. தையல்காரி எட்டிப் பார்த்தாள். தம்பியின் கோலத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, வீட்டுக்குள்ளயே பஸ் ஓட்டறியா?" என்றாள். அவள் போய்விட்டாள்.

"நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல" என்றான் அவன், கதவைச் சாத்திவிட்டு.

"எதுக்கு?"

"நமக்கு அப்புறம் யாருன்னு."

"தெரியாதுங்க."

"எனக்கும் தெரியல."

முதன்முறையாக அவன் அதைச் சொல்லிக் கேட்கிறாள். வேறு சமயமாக இருந்தால் எழுந்து பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். இப்போது எழ முடியவில்லை. கஞ்சிக்கு மிளகு தட்டிப் போடுகிறேன் என்று சமையலறைக்குப் போன டிரைவர் பெரிதாக ஒரு தும்மல் போட்டான். கட்டிலில் முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். புண் வலிக்கும், ஆனாலும் சிரித்தான். அவன் முதலாளி, அவனுக்கென்ன.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான். பையனின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கிப் புரட்டினான். பச்சைத் துண்டை எடுத்து, காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, மல்லாந்து பார்க்கிறவளுக்குத் தெரியும்படி கம்பியில் போட்டான்.

"மல்லாக்க இருந்தவனை இப்போ இடது பக்கம் போட்டிருக்கேன்" என்றான் சத்தமாக. "அடுத்ததும் நானே பாத்துக்கறேன். வலது பக்கம் மட்டும் புண் ஆறுற வரைக்கும் வேணாம்."

"சரி" என்றாள் அவள். "இடது."

அவன் நாற்காலிக்குத் திரும்பிப்போய் ஷூ காலை நீட்டி உட்கார்ந்தான். நாளைக்கும் ஒரு நாள் பாக்கி இருந்தது. அவள் அலாரத்தை எடுத்து அவன் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.